கரையான் தொடாத பெட்டி

எண்பத்தொன்றாம் வருடம் சித்திரை மாதம் எங்கள் தோட்டத்து வீட்டின் பின்னறைச் சுவரில் கரையான் ஏறியது. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த மகள்தான் முதலில் பார்த்தாள். "சித்தி, செவத்துல யாரோ மண்ணால கோடு போட்டிருக்காக" என்றாள். போய்ப் பார்த்தேன். விரல் அகலத்துக்கு ஒரு மண்கோடு தரையிலிருந்து கிளம்பி, அடுக்கி வைத்திருந்த சாமான்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. குச்சியால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடின.

அந்த அறைக்குள் நான்கு வருடமாக யாரும் கை வைத்ததில்லை. பழங்காநத்தத்து வீட்டைக் காலி செய்து லாரியில் ஏற்றிவந்த சாமான்களில் உடனே தேவைப்படாதவை எல்லாம் அங்கே போயிருந்தன. பிறகு ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்றுதான் வைத்தோம். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பிறகு வருவதில்லை. களையெடுத்து முடிப்பதற்குள் கத்தரி காய்ப்புக்கு வந்துவிடும், கத்தரி ஓய்வதற்குள் மாடு கன்று போடும்.

நான் என் கணவருக்கு இரண்டாம் தாரம். எழுபத்து மூன்றில் கல்யாணம் நடந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா இல்லாத வீடு. தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு அந்த வயது ஆகியிருந்தது. பழங்காநத்தத்தில் ஒரு பால்வாடியில் டீச்சராக இருந்தேன். அவர் மதுரையில் மில் தொழிலாளி. முதல் மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை முதல் நாளே என்னைச் சித்தி என்று கூப்பிட்டது. அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை மாற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். சோறு ஆச்சா, மழை வரும்போல, பிள்ளை எங்க. இந்த மூன்றையும் இன்னும் ஏழெட்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டே எங்கள் குடும்பம் நடந்தது. கோபமும் கிடையாது. அடித்தது, திட்டியது என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு பெட்டிக்கடையில் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஆளைப்போல வந்து, வேண்டியதைக் கேட்டு, வாங்கிக்கொண்டு போவார்.

எழுபத்தேழில் மில் வேலையை விட்டார். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே இரண்டு மைலில் கிணற்றோடு மூன்று ஏக்கர் வாங்கினார். என்னிடம் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "கல்லுப்பட்டிப் பக்கம் தோட்டம் பாத்திருக்கேன். வீடு எழும்புது. ஆடி கழிஞ்சதும் போறோம்" என்றார். நான் மோர் ஊற்றினேன்.

எனக்குப் பழங்காநத்தம் பிடிக்கும். வாசலில் நின்றால் நான்கு பேர் பேசிவிட்டுப் போவார்கள். கடைக்காரர்கள் டீச்சர் என்பார்கள். பஸ் சத்தமும் கொட்டகைப் பாட்டும் குழாயடிச் சண்டையும் எனக்கு இரைச்சலாகப் பட்டதே இல்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பால்வாடிப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை. மறுநாள் வேறு டீச்சர் வந்ததும் புரிந்திருக்கும்.

தோட்டத்து வீட்டை அவரே கொத்தனாரோடு நின்று கட்டினார். அதில் இரண்டு விஷயங்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. ஒன்று, அடுப்படி. அதை மேற்கு மூலையில் வைத்து, மேற்கே பார்த்து ஒரு பெரிய சன்னலும் விட்டிருந்தார். வீடு பார்க்க வந்த அன்று கொத்தனார் என்னிடமே முறையிட்டார். "நானும் சொல்லிப் பாத்தேன்மா. அடுப்படிய தென்கிழக்கால வைக்கிறதுதான் மொறை, மேக்க சன்னல் வச்சா சாயங்கால வெயிலு அம்புட்டும் உள்ள வரும்னேன். அண்ணன் கேக்க மாட்டேன்னுட்டாரு." அவர் சொன்னபடியே ஆயிற்று. நான்கு மணியிலிருந்து சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டே குழம்பு கிண்டப் பழகினேன்.

இன்னொன்று, குளியலறை. கதவும் தாழ்ப்பாளும் வைத்து, உள்ளே சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அப்போது அப்படி ஒன்று கிடையாது. பெண்கள் விடியுமுன்னே பம்புசெட்டில் குளிப்பார்கள், இல்லையென்றால் ஓலைத் தடுப்புக்குள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டவுனில் வளர்ந்தவள் என்று எனக்காகக் கட்டியிருக்கிறார் என நினைத்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர்மேல் வருத்தம் வரும் நாட்களில் அந்தக் கதவையும் தாழ்ப்பாளையும் நினைத்துக்கொள்வேன்.

கரையானைப் பார்த்த மறுநாள் பின்னறைச் சாமான்கள் எல்லாவற்றையும் களத்துக்குக் கொண்டுவந்து வெயிலில் போட்டோம். கிழக்குத் தோட்டத்து அம்மா உதவிக்கு வந்திருந்தார். அந்தம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வெகுகாலம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். சில வருடங்களுக்கு முன்புதான் எங்கள் வரப்பை ஒட்டி ஒரு ஏக்கர் வாங்கியிருந்தார்கள். நான் பால்வாடியில் வேலை பார்த்ததை எப்படியோ தெரிந்துகொண்டு, வந்த நாளிலிருந்து என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார். கல்லுப்பட்டிப் பக்கத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

களத்தில் கிடந்ததைத் தள்ளி நின்று பார்க்கும்போது ஏதோ ஏலத்துக்கு வந்த வீடுபோல இருந்தது. கால் ஒடிந்த ஸ்டூல். இரண்டு அரிக்கேன் விளக்கு, ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. பாடாத வால்வு ரேடியோ, அதற்குத் தபாலாபீசில் வருடாவருடம் முத்திரை குத்தி வாங்கிய லைசென்சுப் புத்தகம். மில்லுக்கு அவர் கொண்டுபோன அடுக்குக் கேரியர். பிள்ளை தவழ்ந்த காலத்து நடைவண்டி. எதை எடுத்தாலும் இது வேண்டுமா என்று கேட்பேன். மகள் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்பாள். கிழக்குத் தோட்டத்து அம்மா எல்லாவற்றுக்கும், "இத வச்சு என்ன செய்யப் போறீக?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு முடிவுக்கு வருவேன்.

என்னுடைய மரப்பெட்டியைத் தூக்கினேன். மேல்பகுதி கையோடு வந்தது. அடிப்பகுதி தரையிலேயே நின்றுவிட்டது. கரையான் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். பிள்ளைகளுக்கு நான் வரைந்து வைத்திருந்த படங்கள், என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பால்வாடிப் பயிற்சி முடித்த சர்டிபிகேட், வேலையை விட்டபோது கொடுத்த நற்சான்று எல்லாம் ஈரமண் கட்டியாக இருந்தன. சிலேட்டுகளில் மரச்சட்டத்தைத் தின்றுவிட்டுக் கல்லை மட்டும் விட்டிருந்தன. எண்ணச் சொல்லிக்கொடுக்கும் பிளாஸ்டிக் மணிகள் நிறம் மாறாமல் கிடந்தன.

"இது என்னது டீச்சர், காயிதமா?" என்று கேட்டார் அந்தம்மா.

"ஆமா. நான் படிச்சதுக்கு இதுதான் அத்தாட்சி."

"திரும்பக் கேட்டாக் குடுக்க மாட்டாகளா?"

"கேட்டாக் குடுப்பாக. ஆபீசு ஆபீசா அலையணும்."

"அப்ப அலையுங்க. பஸ்ஸு ஓடுதுல்ல" என்று சொல்லிவிட்டு முறத்தில் அந்த மண்ணை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினார்.

கடைசியாக மூலையில் இருந்த இரும்புப் பெட்டி. அவருடைய முதல் மனைவியின் பெட்டி. நான்கு செங்கல் மேல் நின்றது. கரையான் செங்கல் வரைக்கும் ஏறி, பெட்டியின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் வருடத்துக்கு ஒருமுறை வருவாள். பொங்கல் கழிந்து ஒரு நாள், சுமங்கலியாகப் போனவளுக்கு என்று புதுச்சேலை வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்துப் படைப்போம். பிறகு அந்தச் சேலையை நான் உடுத்துவேன். எட்டு வருடத்தில் அப்படி எட்டுச் சேலை. அதற்கு மேல் அவளைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். நான் அதற்குச் சாவி கேட்கவில்லை.

நானும் மகளும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக் களத்துக்குக் கொண்டுவந்தோம். அப்போதுதான் அவர் கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து ஏறி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அரைஞாண் கயிற்றில் இருந்த சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"துரு ஏறிருக்கும். எண்ணெ விட்டுத் தொற."

"நீங்க இருங்களேன்."

"மோட்டாரப் பாத்துட்டு வாரேன்" என்று கிணற்றுப் பக்கம் போனார். அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை.

பூட்டு கொஞ்சம் அடம்பிடித்துத் திறந்தது. அந்துருண்டை வாசம் எழும்பி வந்தது. மேலாகக் கூறைச்சேலை. அதன் கீழே இரண்டு சுங்குடிச் சேலை, அடிக்கடி உடுத்தி மெலிந்துபோனவை. பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு. பெரியாஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, நான்காய் மடித்தது. ஒரு ஜோடி கண்ணாடி வளையல். மகள் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து, இது எங்க அம்மாவோடதா என்று கேட்டாள். பெட்டி முழுக்க அம்மாவுடையதுதான் என்று சொன்ன பிறகும் கேட்டாள். வளையலைக் கையில் ஏற்றினாள். சரியாக இருந்தது. பதினோரு வயதுக் கை.

"சித்தி, எங்கம்மா கை இம்புட்டுத்தானா?"

நான் பார்த்தேன். எனக்கும் அதுவரை தெரியாது. விளக்குக்கு முன்னால் சேலை வைக்கும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய மனுஷியை. இருபத்து மூன்று வயதில் செத்துப்போன, சின்னக் கை கொண்ட ஒரு பெண்ணை அல்ல.

அடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதைத் திறந்தவள், "கடுதாசி. அப்பா எழுத்து" என்றாள். நீல நிற இன்லண்டு லெட்டர்கள். இருபதுக்கு மேல் இருக்கும். "வாசிக்கவா?"

"இப்ப வேணாம். நான் பாத்துட்டுத் தாரேன்."

"நான் போயி மாட்ட அவுத்துக் கட்டிட்டு வாரேன்" என்று கிழக்குத் தோட்டத்து அம்மா எழுந்து போய்விட்டார். அன்று அவர் திரும்பி வரவில்லை.

மதியம் சாப்பாடு முடிந்து அவரும் மகளும் கிணற்றடிக்குப் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாசித்தேன். மற்றவர்களுக்கு வந்த கடிதத்தைப் படிப்பது தப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான். இருந்தாலும் வாசித்தேன்.

அறுபத்தெட்டாம் வருடத்துக் கடிதங்கள். எல்லாம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த அவளுடைய அப்பா வீட்டு விலாசத்துக்கு எழுதியவை. கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவள் அங்கே போய்விட்டாள் என்பதும், சில மாதங்கள் வரவில்லை என்பதும் அவற்றிலிருந்து தெரிந்தது. ஆனால் என்னை நிறுத்தியது அது அல்ல. அந்தக் கடிதங்களில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஷிப்டு முடிந்து வரும்போது மழையில் நனைந்தது, குடையை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல ஆள் இல்லாதது, குழாயடியில் இரண்டு பேர் ஒரே குடத்துக்குச் சண்டை போட்டது, நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய் என்பது. கேரியரில் இருந்த தயிர்ச்சாதத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நானே சிரித்துவிட்டேன். என்னோடு எட்டு வருடம் இருந்த மனிதர் ஒருமுறைகூட என்னை அப்படிச் சிரிக்கவைத்ததில்லை.

பத்தாவதோ பதினோராவதோ கடிதத்தில் இது இருந்தது.

"எப்படியும் ஒரு துண்டு நிலம் வாங்கிவிடுவேன். வீட்டில் அடுப்படிக்கு மேற்கே பார்த்துப் பெரிய சன்னல் வைப்பேன். நீ மலையைப் பார்த்தே வளர்ந்தவள். இங்கே கரிபிடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு சமைக்கிறாய். அங்கே நின்றால் மலை தெரியும். குளிக்க ஒரு அறை, கதவும் தாழ்ப்பாளும் போட்டு. இனிமேல் நீ சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு பயந்து பயந்து குளிக்க வேண்டியதில்லை."

நான் தலையை நிமிர்த்திச் சன்னலைப் பார்த்தேன். சாப்டூர்ப் பக்கத்து மலை நீலமாகத் தெரிந்தது. நான்கு வருடமாக அது அங்கேதான் இருந்தது. வெயிலுக்காகக் கண்ணைச் சுருக்கியே பழகியதில் நான் அதைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

சன்னல் அவளுக்கானது என்பதுகூடப் பரவாயில்லை. அந்தக் குளியலறை எனக்கானதில்லை என்பதுதான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுகை வரவில்லை. கடிதங்களைப் பழைய வரிசையிலேயே டப்பாவில் வைத்து மூடினேன். எழுந்து சன்னல் கதவை இழுத்துச் சாத்தினேன்.

மூன்று நாள் திறக்கவில்லை. புகை போக வழியில்லாமல் அடுப்படி கறுத்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்.

"சன்னல ஏன் சாத்தி வச்சிருக்க?"

"வெயிலு கண்ணுல அடிக்குது."

"நாலு வருசமா அடிக்கலயா?"

"அடிச்சது. நீங்க கேக்கல."

அவர் செம்பைக் கீழே வைத்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கடுதாசியெல்லாம் வாசிச்சேன்" என்றேன்.

அவர் சாத்திக் கிடந்த சன்னலைப் பார்த்தார். பிறகு, "எழுதினேன்ல. எழுதுனதச் செய்யணும்ல" என்றார்.

"யாருக்குச் சொன்னீங்களோ அவுக இல்லயே."

"ஆளு இல்லேன்னா சொன்ன சொல்லு இல்லேன்னு ஆயிருமா?"

அது நியாயமாகவும் இருந்தது, எனக்கு அநியாயமாகவும் இருந்தது. "எனக்கு ஒரு வரி எழுதிருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு சின்னப்பிள்ளைபோல இருந்தது.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "நீ எங்க போன, எழுதுறதுக்கு?" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பதில் அதுதான். வெளியே போய்விட்டார். மறுநாள் மூங்கிலும் ஓலையும் கொண்டுவந்து, "தட்டி போடவா?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன். சன்னலுக்கு வெளியே இறக்கமாக ஒரு தட்டி கட்டினார். அதற்குப் பிறகு வெயில் வரவில்லை. மலையும் பாதிதான் தெரிந்தது.

நீ எங்க போன என்பது என் காதிலேயே கிடந்தது. யோசித்துப் பார்த்தால் நான் எங்கேயும் போகவில்லைதான். வரச் சொன்ன இடத்துக்கு வந்தேன், விடச் சொல்வதற்கு முன்பே வேலையை விட்டேன். பக்கத்து ஊரில் பால்வாடி திறக்கப்போவதாகவும் டீச்சர் வேண்டும் என்றும் கிழக்குத் தோட்டத்து அம்மா முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

அந்த வாரமே மதுரைக்குப் புறப்பட்டேன். சர்டிபிகேட்டுக்கு நகல் கேட்க வேண்டும். திருமங்கலம் போய் பஸ் மாறி, ஆபீசில் ஒரு மனுவை எழுதிக் கொடுத்தேன். கரையான் தின்றுவிட்டது என்று எழுதியதைப் படித்துவிட்டு அங்கிருந்த கிளார்க், "நெசமாவா?" என்று கேட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார். திரும்பி வரும்போது பழங்காநத்தத்தில் இறங்கினேன்.

அங்கே ஒரு சந்தில் அவருடைய முதல் மனைவியின் அக்கா இருந்தார். வாசலில் இட்லிக் கடை. இந்தத் தெருவுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்ததே அவர் ஏற்பாட்டில்தான். பிள்ளையைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வருவார். என்னிடம் மரியாதையாகப் பேசுவார், அவ்வளவுதான். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வா தாயி. பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லா இருக்கா அக்கா. பெட்டியத் தொறந்தோம். கடுதாசியெல்லாம் இருந்துச்சு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மருமகளைக் கூப்பிட்டுக் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். "சண்ட போட்டுட்டா போனாகன்னு கேக்க வந்தியா?"

"ஆமாக்கா."

"சண்டயெல்லாம் இல்ல. மூச்சு முட்டுதுன்னு போயிட்டா. ஒத்த ரூமு. அதுலயே அப்ப உசுரோட இருந்த மாமியா, கல்யாணம் ஆகாத கொழுந்தன். நடுவுல ஒரு சேலயக் கட்டித் தடுப்பு. எனக்குப் பழகிருச்சு. அவளுக்குப் பழகல. அவரு வாராவாரம் எழுதுவாரு. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், கோர்வையா வராது. நான் ஊருக்குப் போறப்பெல்லாம் நாந்தான் வாசிச்சுக் காமிப்பேன். ஒரே கடுதாசிய மூணு தரம் வாசிக்கச் சொல்லுவா. பதில் எழுதவாடின்னு கேட்டா, வேணாம்பா."

"ஏன்?"

"பதில் போட்டா அவரு எழுதுறத நிப்பாட்டிருவாராம்." சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரித்த வேகத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசில அவரே நேர்ல வந்து நின்னாரு."

"வந்து என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்ல? நேர்ல பாத்தா அவருக்கு வாய் தொறக்காதுல்ல? எழுத உக்காந்தாத்தான் பேச்சு. 'வா, போவோம்'னாரு. இவ பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. பெறகு பிள்ள பெறந்துச்சு. மறு வருசம் காய்ச்சல்ல போயிட்டா. அம்புட்டுத்தான் கதை."

எனக்குள் ஏதோ இளகியது. அவளிடமும் அவர் பேசவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் கிடைத்தது. செத்துப்போன ஒருத்தியின் கஷ்டத்தில் ஆறுதல் தேடுவது நல்ல குணமில்லை என்று தெரியும். ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் தோன்றியது. பதில் போட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்று கணக்காக இருந்த அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் இருவரும் ஒத்துப்போயிருப்போம். உயிரோடு இருந்திருந்தால் நான் அந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அக்கா ஒரு தூக்கில் இட்லியும் சட்னியும் கட்டிக் கொடுத்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். எட்டு வருடத்தில் அவர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பால்வாடிக்கு எழுதிப் போடப் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தோட்டத்து வேல?"

"அதுவும் இருக்கும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாட்ட நான் கறந்துக்கிறேன்" என்றார். அதுவரை அவர் மாடு கறந்ததில்லை. மறுநாளே பழக ஆரம்பித்தார். முதல் வாரம் மாடு இரண்டு தடவை உதைத்தது. ஒரு தடவை பால், ஒரு தடவை முழங்கால். மகள் தொழுவத்து வாசலில் நின்று சிரித்தாள். அவர் அவளைப் பார்த்து முறைக்கவில்லை.

மனுவுக்காக நான்கு முறை மதுரைக்கு அலைந்தேன். ஒருமுறை அவரும் கூட வந்தார். ஆபீசுக்குள் வராமல் வெளியே மரத்தடியில் நின்றார். நான் நகலோடு வெளியே வந்தபோது அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வழியில் பெட்டிக்கடையில் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி அதற்குள் போட்டுக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மகள், "பாத்துட்டுத் தாரேன்னியே சித்தி" என்று வந்து நின்றாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு பம்புசெட்டுத் தொட்டி மேட்டில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் வந்தாள்.

"அப்பா இம்புட்டுப் பேசுவாரா?"

"எழுதுவாரு."

"எங்கம்மா ஏன் போனாக?"

பழங்காநத்தத்துப் பெரியம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒற்றை அறையையும் சேலைத் தடுப்பையும் கடிதத்துக்குப் பதில் போடாததையும் சொன்னேன். வாய் பிளந்து கேட்டாள். குரங்கு தயிர்ச்சாதத்தைத் தூக்கிப்போன கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"நானா இருந்தாப் போயிருக்க மாட்டேன். பழங்காநத்தம் எனக்குப் பிடிக்கும்."

"எனக்கும் பிடிக்கும்" என்றேன்.

"அப்ப ஏன் சித்தி இங்க வந்தோம்?"

"அப்பா சொல்லிட்டாரு, வந்தோம்."

"அடுத்த வாட்டி நம்மளயும் கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

களத்தில் காய்ந்த சாமான்களில் பாதியைப் பழைய சாமான்காரரிடம் போட்டோம். ரேடியோவை மட்டும் கிழக்குத் தோட்டத்து அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக்காரருக்கு அதைப் பிரித்துப் பார்க்க ஆசையாம். இரும்புப் பெட்டி மகளுடையது ஆயிற்று. சுங்குடிச் சேலையில் ஒன்றை அவளுக்குத் தாவணியாக வெட்டித் தைத்தேன். இன்னொன்று நைந்திருந்ததால் மடித்தே வைத்துவிட்டோம். பொங்கல் கழிந்து வழக்கம்போலப் படையலுக்குச் சேலை வாங்கப் போனபோது, அரக்கு வேண்டாம், பச்சையில் எடுங்கள் என்று நான் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அக்காவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

பால்வாடி வேலைக்கு உத்தரவு அதற்கு முன்பே, அந்த வருடம் ஆவணியில் வந்துவிட்டது. வரப்பு வழியாக நடந்தால் முக்கால் மணி நேரம். முதல் நாள் பதினோரு பிள்ளைகள் வந்திருந்தன. கிழக்குத் தோட்டத்து அம்மாவின் பேத்தி உள்ளே வரமாட்டேன் என்று வாசல் நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மெல்ல விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். மணிக்கட்டில் நறுக்கென்று கடித்துவிட்டது. அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.